உள்ளங்கையில் சரசுவதி

அக்காலச் சென்னை மாகாணத்தின் பல்லாரிக் கலெக்டர் காம்பெல், 1823ஆம் ஆண்டு அறிக்கையில் நாட்டுப் பள்ளிகளின் வழக்கமொன்றை விவரிக்கிறார். காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் 'சரசுவதி' என்று எழுதுவர். இரண்டாமவனுக்குச் சுழி, அதாவது புகழுமில்லை, பழியுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருவோர்க்கு ஒவ்வொன்றாய்க் கூடும். கடைசிச் சிறுவனின் கதியை நேயர்களே எண்ணிப் பாருங்கள்!

அங்கே தாமதத்தை அளந்தது கடிகாரமன்று, உடன் பயிலும் தோழன். இருளில் எழுந்து ஓடி வந்தாலும், இருவர் முந்திவிட்டால் அடிதான். பல்லாண்டு பள்ளியில் மணியடிக்கச் செய்தவன் நான். மணி இரக்கமற்றதே, எனினும் அது ஒலிக்குமுன் வந்தவர் அனைவரும் அதற்கு ஒன்றே.

ஆயினும் அதே பள்ளிகளில் முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பித்தனர். இம்முறையை இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்று காம்பெலே பாராட்டுகிறார். விடியலில் போட்டியிட்டவர்கள், வெயில் ஏறியதும் மணலில் எழுத்துக்களைச் சேர்ந்தே வரைந்தனர்.