வெண்ணிரைச்சல் கருவி

வெண்ணிரைச்சல் கருவி என்பது படுக்கையறையில் ஏற்றத்தாழ்வில்லாத ஓர் இரைச்சலை இரவு முழுதும் எழுப்பி, வெளியிலிருந்து வரும் திடீர் ஓசைகள் உறங்குபவரின் காதில் உறைக்காமல் செய்யும் சிறு மின்கருவி. உறைக்குள் விசிறி சுழலும் எந்திர வகை ஒன்று; பதிவு செய்த ஒலியையோ மின்னணுச் சில்லு உருவாக்கும் ஒலியையோ ஒலிபெருக்கி வழியே தருவது மற்றொன்று. கைபேசிச் செயலிகளும் இணைய இசைச் சேவைகளும் இப்போது இதே வேலையைச் செய்கின்றன. தூக்கத்தை வரவழைக்கும் கருவி என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், ஏற்கெனவே அமைதியாக உள்ள அறையில் இதனால் பெரிய பயன் இல்லை. சத்தத்தால் தூக்கம் கெடுபவருக்கே இது உதவும். கவலையாலோ வலியாலோ நேரங்கெட்ட வேலையாலோ தூக்கம் வராதவருக்கு இதில் மருந்து இல்லை.

ஒலியின் இயல்பு

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்களைக் கேட்கும். இந்த வீச்சில் ஒவ்வொரு ஹெர்ட்சுக்கும் ஒரே அளவு ஆற்றல் இருக்கும்படி எல்லா அதிர்வெண்களும் ஒழுங்கின்றிக் கலந்த ஒலியே வெண்ணிரைச்சல். எல்லா நிறங்களும் கலந்த வெள்ளொளியை ஒட்டி இப்பெயர் வந்தது. பழைய வானொலியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள் நிற்கும்போது கேட்கும் 'ஸ்ஸ்' இதற்கு நெருக்கமானது. மின்கடத்தியில் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதால் இத்தகைய இரைச்சல் பிறக்கிறது என்பதை 1928-இல் பெல் ஆய்வகத்தின் ஜான் ஜான்சன் அளந்து காட்டினார். அதே ஆய்வகத்தின் ஹாரி நைக்விஸ்ட் அதற்கான கணக்கைத் தந்தார். தொலைபேசிப் பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட அந்தச் சீறலைத்தான் அடுத்த தலைமுறை காசு கொடுத்து வாங்கியது.

ஒரு ஸ்தாயி மேலே போனால் அதிர்வெண் இரட்டிக்கிறது. ஆகவே வெண்ணிரைச்சலில் மேல் ஸ்தாயி ஒவ்வொன்றிலும் கீழ் ஸ்தாயியைப் போல் இருமடங்கு ஆற்றல் சேர்ந்துவிடும். காதுக்கு அது கூர்மையாகவும் சற்று எரிச்சலூட்டுவதாகவும் இருப்பது இதனால்தான். மேலே போகப் போக ஸ்தாயிக்கு 3 டெசிபெல் வீதம் ஆற்றலைக் குறைத்தால் கிடைப்பது இளஞ்சிவப்பு இரைச்சல். சீரான மழையோசையை ஒத்திருக்கும். 6 டெசிபெல் வீதம் குறைத்தால் வருவது பழுப்பு இரைச்சல். தொலைவில் விழும் பேரருவிபோல அது அடித்தொனியில் முழங்கும். மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்களின் ஓயாத அலைவைக் கண்ட தாவரவியலாளர் இராபர்ட் பிரவுனின் பெயரிலிருந்து வந்ததால், இந்த ஒன்றுக்கு மட்டும் நிறத்தோடு தொடர்பில்லை. கடைகளில் 'ஒயிட் நாய்ஸ்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை பின்னிரண்டு வகைகளும் அவற்றின் கலவைகளுமே.

வரலாறு

நீர் விழும் ஓசையை நாடி உறங்குவது பழைய வழக்கம். அகஸ்டஸ் சீசரின் நெருங்கிய ஆலோசகரான மைசீனஸ், தூக்கம் வராமல் தவித்துத் தொலைவிலிருந்து மெல்ல வரும் இசையையும் அருவியோசையையும் துணைக்கழைத்ததாக உரோமானிய மெய்யியலாளர் செனெக்கா எழுதியிருக்கிறார். பரிவோடு எழுதவில்லை. செல்வத்தில் புரள்பவனுக்குக் கண்மூடவும் உதவி வேண்டியிருக்கிறது என்ற எள்ளல் அதில் உண்டு.

வீட்டில் பயன்படும் கருவியாக இது விற்பனைக்கு வந்தது 1962-இல், அமெரிக்காவில். ஜிம் பக்வால்டர் என்பவர் தம் மனைவி டிரூடியுடன் பயணத்தில் தங்கிய விடுதியில், குளிரூட்டியின் இரைச்சலுக்கிடையே நன்றாக உறங்க முடிந்ததைக் கவனித்து, குளிரூட்டாமல் அந்த ஒலியை மட்டும் எழுப்பும் பெட்டியைச் செய்தார். 'ஸ்லீப்-மேட்' என்ற பெயரில் அது விற்றது. அவர் தொடங்கிய மார்பாக் நிறுவனத்தின் 'டோம்' என்ற கருவி அதன் நேரடி வாரிசு. இதன் அமைப்பு எளிது. மின்மோட்டார் ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். விசிறி வெளியே காற்று வீசுவதற்காக அன்று, உறையின் துளைகள் வழியே காற்று உராய்ந்து இரைவதற்காக. மூடியைத் திருகித் துளைகளைத் திறந்தும் அடைத்தும் ஒலியின் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். அறுபது ஆண்டுகளில் இந்த வடிவம் அதிகம் மாறாததற்குக் காரணம் உண்டு. சுழலும் விசிறியின் ஒலி ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வருவதில்லை. மலிவான மின்னணுக் கருவிகள் சில நொடிப் பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன. இரைச்சலின் ஒரு துண்டைத் திரும்ப ஓட்டினால் அந்த மறுசுழற்சியைக் காது கண்டுபிடித்துவிடும் என்பதை நியூமன் கட்மனும் பேலா யூலெஸும் 1963-இலேயே காட்டினர். துண்டு குறுகியதாக இருந்தால், வெறும் சீறலில் விசைப்படகின் 'டுப்டுப்' போன்ற தாளம் எழும். ஒருமுறை அது காதில் பட்டுவிட்டால் பிறகு அதை மட்டுமே கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

1969-இல் இர்வ் டெய்பெல் நியூயார்க்கின் பிரைட்டன் கடற்கரை அலையோசையைப் பதிவு செய்து, ஐபிஎம் 360 கணினியின் உதவியால் பக்குவப்படுத்தி, 'என்விரான்மென்ட்ஸ்' என்ற இசைத்தட்டு வரிசையின் முதல் தட்டாக வெளியிட்டார். இன்று செயலிகளில் கிடைக்கும் மழை, அலை, காட்டோசைப் பதிவுகளுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

இரைச்சலுக்கு வேறு பணிகளும் தரப்பட்டன. பின்னாளில் கணினி வலையமைப்பின் முன்னோடியாக அறியப்பட்ட ஜே. சி. ஆர். லிக்லைடர், பல் மருத்துவர் வாலஸ் கார்ட்னருடன் சேர்ந்து 1960-இல் வெளியிட்ட ஆய்வில், பல் சிகிச்சையின்போது காதில் இசையும் வலி எழும் நேரத்தில் இரைச்சலும் கேட்கச் செய்து வலியை மட்டுப்படுத்த முடிந்ததாகக் கூறினார். இதற்கு நேர்மாறான பயனும் உண்டு. 1971-இல் வட அயர்லாந்தில் பிடித்துவைக்கப்பட்டவர்கள்மீது பாதுகாப்புப் படையினர் கையாண்ட ஐந்து விசாரணை முறைகளில் ஒன்று, உரத்த சீறலை விடாமல் கேட்கச் செய்வது, மற்றொன்று தூங்கவிடாமை. 1978-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இவற்றை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று தீர்ப்பளித்தது. ஒலியின் அளவும் அதை நிறுத்தும் உரிமை யார் கையில் என்பதும் சேர்ந்தே இரைச்சலின் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

செயல்படும் விதம்

உறக்கத்தில் கண் மூடுகிறது, காது மூடுவதில்லை. வரும் ஒலிகள் மூளையின் தலாமசை எட்டுகின்றன. அங்கே எழும் 'உறக்கக் கதிர்கள்' என்னும் குறுகிய அலைத்தொடர்கள் அவற்றில் பலவற்றை மேலே போகவிடாமல் தடுக்கின்றன. அமைதியான இரவில் இக்கதிர்கள் மிகுதியாகத் தோன்றுபவர்களே சத்தமுள்ள இரவிலும் எளிதில் விழிக்காதவர்கள் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இடி இடித்தாலும் எழாதவரும் தாழ்ப்பாள் ஓசைக்கே விழிப்பவரும் ஒரே வீட்டில் இருப்பதற்கு இது ஒரு விளக்கம்.

விழிக்கச் செய்வதில் ஒலியின் தனி அளவைவிட, அது பின்னணியிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதே முக்கியம். 30 டெசிபெல் அளவுக்கு அடங்கிய அறையில் 50 டெசிபெல் ஆரன் ஒலி நுழைந்தால் ஏற்றம் 20 டெசிபெல். கருவி 45 டெசிபெல் பின்னணியை வைத்திருந்தால் அதே ஆரனால் அறையின் ஒலி 6 டெசிபெல் மட்டுமே உயரும். பேச்சொலிக்கு இன்னொரு பலனும் சேர்கிறது. மெய்யொலிகளைக் காட்டித்தரும் உயர் அதிர்வெண்கள் இரைச்சலில் அமிழ்ந்துவிட, பக்கத்து அறைப் பேச்சு பொருளற்ற முணுமுணுப்பாகிவிடும். பொருள் புரியாத பேச்சை மனம் பின்தொடர்வதில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வேலையை மின்விசிறி சொல்லாமலே செய்துவருகிறது. மார்கழிக் குளிரிலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விசிறியை ஓடவிடுபவர்கள் உண்டு. நள்ளிரவில் கரண்ட் போனதும் விழிப்பு வருவதற்கு வெக்கை மட்டும் காரணம் அன்று. அதுவரை விசிறி மறைத்திருந்த தெருநாயும் லாரியும் அடுத்த வீட்டு இருமலும் ஒரே நொடியில் அறைக்குள் வந்துவிடுகின்றன.

இக்கருவியால் எல்லாவற்றையும் மறைக்க முடியாது. சுவரையும் தரையையும் அதிரவைத்துவரும் தாழ்ந்த ஒலிகளை, அதாவது மேளத்தையும் ஒலிபெருக்கிகளின் 'பேஸ்' அதிர்வையும் கனரக ஊர்திகளையும் மறைக்க அதே தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சல் வேண்டும். உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியால் அதைத் தர இயலாது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வகுத்துள்ள வரம்பு 45 டெசிபெல். திருவிழாக் காலத்தில் அதை மீறி முழங்கும் கூம்பு ஒலிபெருக்கிக்கு அருகே குடியிருப்பவர் இந்தக் கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை. குறட்டைக்குப் பழுப்பு இரைச்சல் ஓரளவு பயன்படும். வெண்ணிரைச்சல் அவ்வளவாகப் பயன்படாது.

ஆய்வுகள்

பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 1990-இல் இலண்டனில் நடந்தது. பிறந்து சில நாளே ஆன 40 குழந்தைகளை இரு பிரிவாக்கியதில், இரைச்சல் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினர். கேட்காத 20 பேரில் ஐவரே தூங்கினர். 2005-இல் வெளியான மற்றொன்றில், ஆய்வகத்தில் உறங்கிய நலமான சிலருக்கு மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். அமைதியான இரவில் மணிக்குச் சுமார் 13-ஆக இருந்த குறுவிழிப்புகள் 48-ஆக ஏறின. அதே பதிவோடு வெண்ணிரைச்சலையும் சேர்த்தபோது 16-ஆக இறங்கின. மறைப்புக் கொள்கையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அளவீடு அரிது. ஆனால் பங்கேற்றவர்கள் மிகச் சிலர்.

பெரும்பாலான ஆய்வுகளின் குறை அதுவே. 2021-இல் 38 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், தொடர் இரைச்சல் தூக்கத்தை மேம்படுத்துகிறது என்பதற்கான சான்றின் தரம் மிகக் குறைவு என்றும், இரவு முழுதும் இரைச்சலில் கிடப்பது கேள்விப்புலனுக்கும் தூக்கத்துக்கும் தீங்காகலாம் என்றும் எழுதினர். ஆழ்துயிலின் மெதுவான மூளையலைகளோடு ஒத்திசையும்படி, நொடியின் சிறு பகுதியே நீளும் இளஞ்சிவப்பு இரைச்சல் துடிப்புகளைக் கொடுத்தால் நினைவாற்றல் கூடுகிறது என்ற ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியில் 2013-இல் வெளியானது அவற்றில் அறியப்பட்டது. மூளையலையை அளந்தபடியே ஒலி எழுப்பும் ஆய்வக முறை அது. கடையில் வாங்கும் பெட்டி அதைச் செய்வதில்லை. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகின்றன.

கைக்குழந்தைகளும் ஒலியளவும்

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். குழந்தைகளுக்கென விற்கப்பட்ட 14 கருவிகளை டொராண்டோ ஆய்வாளர்கள் முழு ஒலியில் வைத்து அளந்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு 50 டெசிபெல். 30 சென்டிமீட்டரிலும் 100 சென்டிமீட்டரிலும் எல்லாக் கருவிகளும் அதைத் தாண்டின. 200 சென்டிமீட்டரிலும் ஒன்றைத் தவிர மற்றவை தாண்டின. மூன்று கருவிகள் 30 சென்டிமீட்டரில் 85 டெசிபெலுக்கு மேல் ஒலித்தன. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு விதிக்கப்படும் எல்லை அது. குழந்தை தூங்குவதோ அதைவிட நீண்ட நேரம். எலிக்குட்டிகளைத் தொடர் இரைச்சலில் வளர்த்தால் அவற்றின் மூளையின் கேள்விப்பகுதி முதிர்வது தாமதமாகிறது என்று எட்வர்ட் சாங்கும் மைக்கேல் மெர்சனிக்கும் 2003-இல் கண்டதும் இங்கே நினைவுகூரப்படுகிறது. அதை அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்க இயலாது என்றாலும், பேச்சொலிகளைக் கேட்டுப் பழகவேண்டிய வயது அது என்பதில் ஐயமில்லை.

டொராண்டோ குழுவின் பரிந்துரை: கருவியைத் தொட்டிலிலோ தொட்டில் சட்டத்திலோ வைக்கக்கூடாது, இயன்றவரை தள்ளி வைக்கவேண்டும், ஒலியைத் தாழ்த்தி, குறைந்த நேரமே ஓட்டவேண்டும். பெரியவர்களுக்கும் இதுவே பொருந்தும். தலையணைக்கு அருகே வைப்பதைவிடச் சத்தம் வரும் சன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையே வைத்தால் குறைந்த ஒலியே போதும். வெளியோசையை முழுதாக மூழ்கடிக்கும் வரை கூட்டத் தேவையில்லை. ஏற்றத்தைத் தணித்தால் போதும். கருவி வேண்டிய ஒலிகளையும் மறைக்கும். முதியவரின் கூப்பிடு குரல், புகை எச்சரிக்கை மணி ஆகியவை கேட்கின்றனவா என்று ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. நாளடைவில் அந்த ஒலி இல்லாமல் தூங்கமுடியாத பழக்கம் சிலருக்கு வரும்; மின்விசிறிப் பழக்கத்தைவிட அது மோசமானதன்று.

காதிரைச்சல் நோயுள்ளவர்களுக்கு இரவின் அமைதியே தொல்லை, ஏனெனில் அப்போதுதான் உள்ளிருந்து வரும் ரீங்காரம் தனித்துக் கேட்கும். அவர்களுக்குத் தாழ்ந்த பின்னணி ஒலியைச் செவித்துறை வல்லுநர்கள் நெடுநாளாகப் பரிந்துரைத்து வருகிறார்கள். கருவிக்கு ஐயத்துக்கிடமில்லாத பயன் உள்ள இடங்களில் இது ஒன்று.

வணிகம்

இசைச் சேவைகளில் பாட்டு குறைந்தது 30 நொடி ஓடினால் உரிமைத்தொகை கணக்காகும் முறை இருந்ததால், இரைச்சலை அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும் துண்டுகளாக நறுக்கித் தொடராக வெளியிடுவது ஒரு தொழிலாயிற்று. உறங்குபவர் ஓர் இரவில் நூற்றுக்கணக்கான 'பாடல்களை'க் கேட்டுமுடித்திருப்பார். ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2023 இறுதியில் இதற்கு முடிவு கட்டியது. வெண்ணிரைச்சல், மழையோசை போன்ற பதிவுகள் குறைந்தது இரண்டு நிமிடம் நீள வேண்டும், அவற்றுக்குரிய தொகையும் இசைக்குத் தரப்படுவதில் ஒரு சிறு பங்கே என்று அது அறிவித்த விதி 2024 முதல் நடைமுறைக்கு வந்தது.