தறி வீட்டு வாசலில் செவிலியர் கல்வி

பள்ளிபாளையத்துத் தறி வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பது எளிதல்ல. களப் பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி திண்ணையில் செய்தித்தாளை விரித்துப் பையை வைக்கிறாள். சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். எல்லாம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முறைப்படிதான். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியதும் தொல்லை தொடங்குகிறது. பக்கத்து அறையில் நான்கு தறிகள் ஓடுகின்றன. நாடா அடிக்கும் சத்தத்தில் தமனியின் ஓசை கேட்பதே இல்லை. இழை அறுந்தோ கரண்ட் போயோ தறி நிற்கட்டும் என்று காத்திருக்கிறாள். தன் காது அரை மணி நேரம் படும் பாட்டை இந்த வீட்டார் நாள் முழுக்கப் படுகிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.

தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் இரைச்சல் வரம்பு 90 டெசிபல். தறிக்கூடங்கள் பெரும்பாலும் அதைத் தாண்டுகின்றன. ஆனால் மாணவியின் கையிலுள்ள கணக்கெடுப்புப் படிவம் கழிப்பறை, குடிநீர், தடுப்பூசி பற்றித்தான் கேட்கிறது. காது கேட்கிறதா, எந்த ஷிப்ட், பஞ்சுத் தூசியில் இருமல் உண்டா என்று கேட்பதில்லை. பட்டறையில் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்றும் கேட்பதில்லை. 2025இல் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்திகளில் இந்த ஊரின் பெயர் அடிபட்டதை நினைத்தால் மனம் பதைக்கிறது. கடனைக் கேட்காமல் இங்கே உடல்நலத்தைக் கேட்க முடியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

கல்லூரி வாசலைத் தாண்டிப் போகும் செவிலியர் கல்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். சாலையோரங்களில் கிராமத்தாருக்கு மருத்துவம் பார்ப்பதும் அந்தக் காலத்திலேயே அங்கே வழக்கமானது. 1946இல் செவிலியர் பட்டப்படிப்பும் வந்தது. பின்னாளில் அந்தச் செவிலியர் கல்லூரியே தன் பொறுப்பில் ‘கான்ச்’ என்ற சமூக சுகாதாரத் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. ஒரு மாதப் பயிற்சி முடிந்ததும் அங்கே ஊரோடு உறவு அறுந்துவிடுவதில்லை. செவிலியர்கள் அதே தெருக்களுக்கு மறுபடி மறுபடி போகிறார்கள். சென்ற வருடம் அளந்தது இந்த வருடம் என்ன ஆனது என்று பார்ப்பவர்களுக்குத்தான் ஆராய்ச்சி கைகூடும்.

நர்சிங் பட்டப்படிப்பில் ஆராய்ச்சியும் ஒரு பாடம். மாணவிகள் பாடுபட்டுச் சேர்க்கும் விவரங்கள் பைண்டு செய்யப்பட்டு நூலக அலமாரியில் உறங்கிவிடக் கூடாது. கிராம சுகாதாரச் செவிலியரிடமும், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரிடமும் அவை போய்ச் சேர வேண்டும். பதில் சொன்ன வீட்டுக்கும் திரும்ப வர வேண்டும்.

நேரத்தையும் மாற்றியாக வேண்டும். கல்லூரிப் பேருந்து காலை பத்து மணிக்கு வருகிறது. இரவு ஷிப்ட் முடித்தவர் அப்போது உள்ளே அயர்ந்து தூங்குகிறார். எழுப்ப மனமில்லாமல், அவர் பெயருக்கு நேரே ‘பரிசோதிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு மாணவி அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.