செஞ்சிக் கோட்டைக் காவலுக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ செஞ்சிக்கு பஸ் ஏறிப் போகிறவர்கள் ராஜா தேசிங்கு கதையைப் பேசிக்கொண்டே மலை ஏறுவார்கள். தேசிங்கு இறந்தது 1714-ல். அதற்குப் பிறகு இந்தக் கோட்டைக்கு ஒரு கணக்குவழக்குக் கதை இருக்கிறது. அது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

1761 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி செஞ்சியைப் பிடித்தது. கோட்டையைப் பிடிக்கச் சில வாரங்கள் போதும். ஆனால் உள்ளே சிப்பாய்களை வைத்துச் சோறும் சம்பளமும் போடுவது வருஷம் முழுக்க நடக்கும் செலவு. லண்டனில் இருந்த கம்பெனி முதலாளிகளுக்கோ லாபம் வேண்டும், செலவு வேண்டாம். நாடு ஆற்காடு நவாப் முகமது அலியுடையது, எனவே காவல் செலவும் அவருடையது என்றார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படைக்கு உத்தரவு போடுவது கம்பெனி, பில் போவது நவாபுக்கு! 1763-லேயே செங்கல்பட்டுச் சீமையை அவர் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதுவும் போதவில்லை. கடன் வாங்கினார். யாரிடம்? சென்னையில் இருந்த அதே கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம்! கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனி ஆட்களிடமே வட்டிக்கு வாங்கினார். ஈடாக, ‘இன்ன சீமையின் வரி உங்களுக்கு’ என்று எழுதிக் கொடுத்தார். விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் அவர் நாட்டுக்குள் இருந்தவைதான். கடைசியில் பணம் வந்தது உழவர்களிடமிருந்து.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே பிரச்னை. அங்கே நிறுத்திய படைக்காக 1765-ல் பிரிட்டன் முத்திரை வரி போட்டது. மக்கள் கொதித்து எழ, அடுத்த வருஷமே அதை வாபஸ் வாங்கியது. இங்கே உழவனை யாரும் கேட்கவே இல்லை.

சரி, கொடுத்த பணத்துக்குக் காவல் கிடைத்ததா? 1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது செஞ்சியில் இருந்தது சிறு காவல்படைதான். அது நவம்பரில் விழுந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வந்தவாசிக் கோட்டை தப்பியது. நவாபின் கில்லேதார் அதை ஹைதரிடம் ஒப்படைக்கப் போகிறார் என்று சொல்லி, லெப்டினன்ட் ஃபிளின்ட் சுமார் நூறு சிப்பாய்களோடு நுழைந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். கோட்டையும் நவாபுடையது, பணமும் நவாபுடையது, அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

1781-ல் மொத்த நாட்டின் வரி வசூலையும் ஐந்து வருஷத்துக்குக் கம்பெனியிடம் கொடுத்தார். ஆறில் ஒரு பங்குதான் அவருக்கு. 1785-ல் லண்டன் உத்தரவின்படி வசூல் திரும்பக் கிடைத்தது. எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்காரர்களைக் கிழித்தது அதே வருஷம்தான்.

1787-ல் கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல் ஒரு ஒப்பந்தம் போட்டார். சமாதான காலத்தில் நவாப் வருஷத்துக்கு 9 லட்சம் வராகன் தர வேண்டும் (வராகன் மூன்றரை ரூபாய் என்று வைத்தால் 31.5 லட்சம் ரூபாய்). போர் வந்தால் இரு தரப்பும் தங்கள் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் போட வேண்டும். பங்குதாரர்கள் போல இருக்கிறது அல்லவா? ஆனால் செலவைத் தீர்மானிப்பவர் ஒரே பங்குதாரர்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷமே கம்பெனிக்கும் இதே கதி. ராஜாவின் படையை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டு, செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று 1788-ல் பிட் சட்டமே கொண்டுவந்தார். கம்பெனி முணுமுணுத்தது. மேலே இருப்பவர் கீழே தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

1792-ல் காரன்வாலிஸ் போட்ட ஒப்பந்தத்திலும் அதே 9 லட்சம். கடனுக்காக வருஷம் 6,21,105 வராகன் தனி. தவணை தவறினால் குறிப்பிட்ட சீமைகளைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். வங்கிக் கடன் பத்திரம் படித்தவர்களுக்கு இந்த ஷரத்து புதிதல்ல!

முகமது அலி 1795-ல் இறந்தார். மகன் உம்தத்-உல்-உமரா 1801 ஜூலையில் இறந்தார். நவாபுகள் திப்புவோடு ரகசியக் கடிதம் வைத்திருந்தார்கள் என்று கம்பெனி குற்றம் சாட்டியது. உம்தத்தின் மகன் அலி ஹுசைன் நாட்டை எழுதிக் கொடுக்க மறுத்தார். அசீம்-உத்-தௌலா சம்மதித்தார், அவரே நவாப் ஆனார். ஜூலை 31-ல் கையெழுத்து. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, ஆட்சியும் படையும் கம்பெனிக்கு. அப்படி வந்ததுதான் தென் ஆற்காடு மாவட்டம். அதிலிருந்து 1993-ல் விழுப்புரம் பிரிந்தது.

கடன் என்ன ஆனது? 1805-ல் அமைத்த விசாரணைக் குழுவிடம் வந்த மொத்த உரிமைக் கோரிக்கை சுமார் 3 கோடி பவுண்டு. அதில் உண்மையான கடன் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது 30 லட்சம் பவுண்டுக்கும் குறைவு.