காற்றும் நீரும் கணக்கேடும்

சீன மொழியில் ‘பெங்’ என்பது காற்று. ‘சுய்’ என்பது நீர். பின்னே மலையும் முன்னே நீரும் அமைந்த மனையில் செல்வம் தங்கும் என்பது பெங் சுய்யின் அடிப்படை. மனையடி சாத்திரம் அறிந்தார்க்கு இப்போக்குப் புதிதன்று. வியப்பு யாதெனின், ஆங்கிலேய வணிகர் நிறுவிய வங்கியொன்று இதற்குச் செவிசாய்த்தமையே.

1865இல் தோன்றிய ஹாங்காங் ஷாங்காய் வங்கி, தன் தலைமையகத்தை ஹாங்காங்கின் குயின்ஸ் சாலையில் ஒரே மனையில் 1886, 1935, 1985 என மும்முறை கட்டி முடித்தது. பின்னே விக்டோரியா மலை, முன்னே துறைமுகம். இடையிலுள்ள சிலைச் சதுக்கம் கட்டடம் எழாது திறந்தவெளியாகவே காக்கப்பட்டது.

1935ஆம் ஆண்டுக் கட்டடத்தின் வாயிலில் இரு வெண்கலச் சிங்கங்கள் அமர்ந்தன. போர்க்காலத்தில் சப்பானியர் அவற்றை உருக்குவதற்குக் கொண்டு சென்றனர். உருக்குலையாமல் தப்பி 1946இல் மீண்டன. குண்டுச் சிதறல் பட்ட வடு இன்றும் உண்டு. பழைய கட்டடம் இடிக்கப்பெறுமுன், 1981இல், இவை சதுக்கத்திற்குப் பெயர்க்கப்பட்டபோதும், 1985இல் திரும்பியபோதும் பெங் சுய் வல்லுநரின் சொற்படியே நாளும் இடமும் குறிக்கப்பட்டன. வங்கியில் பணமிட வருவோர் சீனர். அவர்தம் அச்சத்தை எள்ளிவிட்டு வைப்புத்தொகையைக் கேட்பது எங்ஙனம்?

புதிய கட்டடத்தை வகுத்தவர் நார்மன் பாஸ்டர். தரைத்தளம் சுவரின்றித் திறந்து கிடக்க, இரு மின்படிகள் நேராக ஏறாமல் சாய்கோணத்தில் ஏறுகின்றன. தீய ஆற்றல் உட்புகாதிருக்க இவ்வமைப்பு என்பர். ஆனால் தரைத்தளத்தைப் பொதுமக்கள் நடமாட விட்டதற்கு ஈடாக, மேலே கூடுதல் தளப்பரப்பு எழுப்பவும் அரசு இசைந்தது. காற்றுக்கு விட்ட வழி கணக்கேட்டுக்கும் நட்டம் விளைக்கவில்லை.

1990இல் அருகே திறக்கப்பெற்ற சீன வங்கிக் கோபுரமோ வேறு கதை. அதனை வகுத்த ஐ. எம். பெய், சீன மண்ணிற் பிறந்தவராயினும், பெங் சுய்யைப் பெரிதும் பொருட்படுத்தினாரல்லர். முகப்பில் தோன்றவிருந்த பெருக்கற் குறிகள் தீக்குறி எனப் பலர் மருளவே, அவை வைர வடிவமாகத் தெரியுமாறு மாற்றினார். எனினும் கட்டடத்தின் கூர்விளிம்புகள் கத்திமுனை எனப் பழிக்கப்பட்டன. ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் உச்சியிலுள்ள பராமரிப்புப் பாரந்தூக்கிகள் அக்கோபுரத்தை நோக்கிய பீரங்கிகளே என ஊரார் கதை கட்டினர்.

அந்தத் திறந்த தரைத்தளத்தில் ஞாயிறுதோறும் பிலிப்பீன்சு நாட்டுப் பணிப்பெண்கள் பாய்விரித்துக் கூடி உண்டு மகிழ்வதும் பல்லாண்டு வழக்கமாயிற்று.