நெல்சனின் வலக்கண்

தெரிந்தே பார்க்காததுபோல் இருந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்பார்கள். லஞ்சம் வாங்கும் ஊழியரைத் தட்டிக்கேட்காத அதிகாரியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட வசதியான தொடர் கிடையாது. வம்பு நமக்கெதற்கு என்று ஒதுங்குபவர்களின் தொடர் அது. ஆனால், அது பிறந்ததாகச் சொல்லப்படும் கதையின் நாயகன் ஒதுங்க மறுத்த ஆள்.

1801 ஏப்ரல் 2. பிரான்சோடு போரிலிருந்த பிரிட்டன், நடுநிலை நாடுகளின் கப்பல்களையும் மறித்துச் சோதனையிட்டது. அதை எதிர்த்து ரஷ்யா, டென்மார்க், ஸ்வீடன், பிரஷ்யா ஆகியவை கூட்டணி சேர்ந்தன. கூட்டணியை உடைக்க கோபன்ஹேகனுக்கு வந்த பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைவர் சர் ஹைட் பார்க்கர். நம் கதையின் நாயகன் நெல்சன் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தார். நகரத்தின் முன்னால் கடல் ஆழம் குறைவு. ஆகவே நெல்சன் தம் பெரிய கப்பலை விட்டு ‘எலிஃபன்ட்’ என்ற சிறிய கப்பலுக்கு மாறி, தாக்குதல் அணியோடு முன்னே போனார். பார்க்கர் பெரிய கப்பல்களோடு தொலைவில் நின்றுகொண்டார்.

காலையில் தொடங்கிய பீரங்கிச் சண்டை மதியம் தாண்டியும் ஓயவில்லை. நெல்சனின் மூன்று கப்பல்கள் தரைதட்டிப் போயின. புகைக்கு நடுவே நிலவரம் புரியாத பார்க்கர், சண்டையை நிறுத்தச் சொல்லும் 39-ஆம் எண் கொடியை ஏற்றினார். நெல்சன் பின்வாங்க நினைத்தால் பழி அவர்மேல் விழக்கூடாதே என்றுதான் அப்படிச் செய்தார் என்று பார்க்கருக்காக வாதாடுபவர்களும் உண்டு.

அடுத்து நடந்ததைச் சொன்னவர், அப்போது ‘எலிஃபன்ட்’ தளத்தில் இருந்த ராணுவ அதிகாரி வில்லியம் ஸ்டூவர்ட். நெல்சன், வெட்டுண்ட வலக்கையின் மிச்சத்தை ஆட்டிக்கொண்டு மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்தாராம். 39-ஆம் எண் கொடி என்று தெரிவித்ததும், நெருங்கிப் போரிடச் சொல்லும் நம் 16-ஆம் எண் கொடி பறக்கிறதா, அது அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு கேப்டன் ஃபோலியிடம், ஒற்றைக் கண்ணனுக்குச் சில நேரம் குருடனாக இருக்க உரிமையுண்டு என்று சொல்லிவிட்டு, தொலைநோக்கியை வலக்கண்ணில் வைத்தார். கொடி எதுவும் தெரியவில்லையாம்! 1794-இல் கோர்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் பார்வை போன கண் அது. வெளிப்பார்வைக்குப் பழுது தெரியாத கண் என்பதால் அவர் கறுப்புப் பட்டை எதுவும் கட்டியதில்லை. அது பின்னால் வந்தவர்கள் மாட்டிவிட்டது.

சிரிக்கவைக்கும் இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் இன்னொன்று நடந்தது. அதைச் சொல்பவர்கள் குறைவு. சிறு போர்க்கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் எட்வர்ட் ரியூவின் கண்ணில் 39 பட்டது, அவர் கீழ்ப்படிந்தார். திரும்பும்போது கப்பலின் பின்புறம் எதிரிப் பீரங்கிகளுக்கு நேராக வந்தது. குண்டு பாய்ந்து ரியூ இறந்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறையில் மோதிய ‘கார்டியன்’ கப்பலை மூழ்கவிடாமல் கரைசேர்த்த மனிதர் அவர். எந்தத் தொடரும் அவர் பெயரைச் சுமக்கவில்லை.

குருட்டுக் கண் கதையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது, ராபர்ட் சவுதி 1813-இல் எழுதிய நெல்சன் வரலாறு. ஆனால் இதே சாயலுள்ள சொல்லாட்சிகள் போருக்கு முன்பே ஆங்கிலத்தில் அச்சேறியிருக்கின்றன. நெல்சன் தொடரை உண்டாக்கவில்லை, அதற்கு ஒரு முகம் கொடுத்தார் என்பதே என் கணிப்பு.

அன்று வென்றது நெல்சன்தான். மேலிடம் பார்க்கரைத் திருப்பி அழைத்து, தலைமையை நெல்சனிடம் கொடுத்தது. தோற்றிருந்தால் ராணுவ நீதிமன்றத்தில் அந்தக் கண்ணைப் பற்றி வேறு விதமாக விசாரித்திருப்பார்கள். இத்தனைக்கும், கூட்டணியின் தூணாக இருந்த ரஷ்யச் சக்கரவர்த்தி பாவெல் போருக்குப் பத்து நாள் முன்பே அரண்மனையில் கொல்லப்பட்டிருந்தார். அந்தச் செய்தி கோபன்ஹேகனை எட்டியபோது இரு பக்கமும் சண்டையை முடித்துவிட்டுச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தன.