ஜன்னி என்று ஒரு வார்த்தை

மலைக்கோட்டை தாயுமானவர் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாயார் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, ஈசனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் படைக்கிறார்கள். குழந்தை பிறந்த கையோடு சுவாமி கிளம்பிவிடவில்லை. வெள்ளம் வடிந்து நிஜத் தாயார் வரும்வரை கூடவே இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் பாட்டிமார்களும் பிள்ளை பெற்றவளைத் தனியே விட்டதில்லை. பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், வெந்நீர்க் குளியல் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அப்படியும் பலர் போய்ச் சேர்ந்தார்கள். "ஜன்னி கண்டு போயிட்டா" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு வியாதிகள் ஒளிந்திருந்தன. ஒன்று, கிருமி தொற்றி வரும் காய்ச்சலும் பிதற்றலும். மற்றொன்று, ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு. இரண்டையும் விதி என்று விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் மட்டும் அல்ல. வியன்னா ஆஸ்பத்திரியில் 1847 ஏப்ரலில் ஒரு வார்டில் 100 தாய்மார்களில் 18 பேர் அந்தக் காய்ச்சலில் இறந்தார்கள். செம்மல்வைஸ் என்ற டாக்டர், எல்லோரும் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்றார். ஜூனில் அது 2 ஆகக் குறைந்தது. ஆனாலும் பெரியவர்கள் அவரை ஏற்கவில்லை. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு லூயி பாஸ்தேர் சிறு வயதிலேயே பரிச்சயம். 1879-ல் பாரிஸ் மருத்துவ அகாதெமியில் அவர் கரும்பலகையில் சங்கிலி போல ஒரு கிருமியை வரைந்து, இதுதான் காரணம் என்று காட்டினார்.

சென்னையில் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே வந்துவிட்டது. ஆனால் கிராமத்துப் பெண்ணுக்கு அது எட்டாத தூரம். ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராம சுகாதார செவிலியர்களும், 2008-ல் வந்த 108 வண்டியும் அந்தத் தூரத்தைக் குறைத்தன. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97.

அந்த 54-ஐயும் குறைக்க வீட்டில் உள்ள பெரியவர்களான நம்மால் முடியும். முதல் 24 மணி நேரம் மிக ஆபத்தானது. 42 நாள் வரை கவனம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுக்க நனையும்படி ரத்தப்போக்கு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றம், விடாத தலைவலி, கண் மங்கல், மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இல்லாதவளுக்கும் பிரசவத்துக்குப் பிறகு வலிப்பு வரலாம். ஓயாமல் அழுகிறாள், குழந்தையைத் தொட மறுக்கிறாள், சாவைப் பற்றிப் பேசுகிறாள் என்றால் அதுவும் வியாதிதான், திமிர் அல்ல.

லேகியம் கொடுங்கள், தவறில்லை. ஆனால் வயிறு பெருக்கும் என்று தண்ணீரை மட்டும் மறுக்காதீர்கள். "எனக்கு என்னமோ செய்யுதும்மா" என்று அவள் சொன்னால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.