வாரி வழங்கியவரும் வாரிசு வேண்டாதவரும்

புஜின்கான் பள்ளியில் ஐந்தாம் டான் தகுதிக்கு வைக்கும் தேர்வில் எதிராளி கிடையாது, மோதல் கிடையாது. மாணவர் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பின்னால் மூங்கில் வாளை ஓங்கியபடி மூத்த ஆசிரியர் ஒருவர் நிற்பார். வாள் எப்போது இறங்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்த மறுகணமே இறங்கலாம், வெகுநேரம் காக்கவைத்தும் இறங்கலாம். தலையில் படுவதற்குள் உருண்டு விலகிவிட்டால் தேர்ச்சி. பயத்தில் முந்தி உருண்டாலும் தோல்விதான். பின்னாலிருந்து வரும் கொலைநோக்கை உடம்பே உணர வேண்டும் என்பது பாடம். இந்தத் தேர்வுக்காகப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் ஜப்பானின் சீபா மாநிலத்து நோடா நகருக்கு வந்து போனார்கள். வெளியுலகுக்கு அது சோயா சாஸுக்குப் பேர்போன ஊர். நிஞ்ஜாக்களின் கலையான நிஞ்ஜுட்சுவைப் பயில்வோருக்கு அது புஜின்கானை நிறுவிய மசாகி ஹட்சுமியின் ஊர்.

மேற்கே, மியே மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த இகாவில், இன்னோர் ஆசிரியரின் பெயரைச் சொல்வார்கள்: ஜினிச்சி கவாகாமி. இகா நிஞ்ஜா அருங்காட்சியகத்தின் கௌரவ இயக்குநர். ‘கடைசி நிஞ்ஜா’ என்று பத்திரிகைகள் எழுதுவது இவரைத்தான். ஹட்சுமி தன் கலையை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டவர். கவாகாமியோ தனக்குப் பின் அடுத்த தலைவர் என்று யாரும் கிடையாது என்று சொல்லிவிட்டவர். இருவரையும் அருகருகே வைத்தால் இன்றைய நிஞ்ஜுட்சு எதைக் காப்பாற்றுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது துலங்கும். யார் அசல், யார் போலி என்ற வழக்கமான சண்டையை விட இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஹட்சுமி 1931-இல் பிறந்தவர். எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்ப்பது தொழில். ஜூடோவும் வேறு சில கலைகளும் கற்ற பிறகு, 1950-களின் பிற்பகுதியில் நாரா மாநிலத்துக் காஷிஹாராவில் வாழ்ந்த தொஷித்சுகு தகமட்சு என்ற முதியவரை அடைந்தார். வாரநாட்களில் வைத்தியம், வார இறுதியில் இரவு ரயில் ஏறி ஆசானிடம் பாடம். இப்படி ஏறத்தாழ 15 ஆண்டுகள். 1972-இல் தகமட்சு இறந்தபோது ஒன்பது மரபுகளின் தலைமை ஹட்சுமியிடம் இருந்தது. அவற்றில் தொகாகுரே-ரியூ உள்ளிட்ட மூன்று மட்டுமே நிஞ்ஜுட்சு மரபுகளாகக் கருதப்படுபவை. மற்ற ஆறும் சாமுராய்களின் போர்க்கலை மரபுகள். ஒன்பதையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததுதான் புஜின்கான். இந்தப் பிரிவினை வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் நிஞ்ஜுட்சு வகுப்பு என்று நினைத்துச் சேரும் ஒருவர் அங்கே கற்பதில் பெரும்பகுதி பூட்டு, எறிதல், வாள், ஆறடிக் கம்பு, மூன்றடிக் கம்பு என்ற பொதுவான ஜப்பானியப் போர்க்கலைதான்.

இன்று உலகில் நிஞ்ஜுட்சு சொல்லிக்கொடுக்கும் முக்கியமான பள்ளிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே மரத்தின் கிளைகள். ஹட்சுமியின் மாணவராக இருந்த ஷோதோ தனேமுரா, முன்னாள் போலீஸ்காரர், 1984-இல் பிரிந்து சைதாமா மாநிலத்தில் கென்புகானைத் தொடங்கினார். தகமட்சுவின் வேறு சீடர்களையும் தேடிப்போய்க் கற்று, தன் பாடத்திட்டத்தை அவர் விரிவாக்கினார். ஃபுமியோ மனாகா 1996-இல் ஜினென்கானை நிறுவினார். அமெரிக்காவின் ஓஹாயோவைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேய்ஸ் 1970-களின் நடுவில் நோடாவுக்கு வந்து கற்றவர். 1980-களில் அமெரிக்காவில் வீசிய நிஞ்ஜா அலைக்கு அவருடைய புத்தகங்களும் ஒரு காரணம். 1997-இல் அவர் தொடங்கிய டோ-ஷின் டோ, தெருவிலும் வாகன நிறுத்தத்திலும் இன்றைய மனிதன் சந்திக்கும் ஆபத்துக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றியமைத்தது. பிரிந்தவர்களில் இருவகை உண்டு. ஹட்சுமி அளவுக்கு மீறி நெகிழ்த்திவிட்டார் என்று கருதி, பழைய வடிவங்களை வரிசை பிசகாமல் கற்பிக்க விரும்பியவர்கள் தனேமுராவும் மனாகாவும். நெகிழ்த்தியது போதாது என்று இன்னும் முன்னே போனவர் ஹேய்ஸ்.

ஹட்சுமியின் வகுப்பு முறையைப் பார்த்தால் இந்தப் பிளவுகள் வியப்பூட்டாது. ஓர் அசைவைக் காட்டுவார். மாணவர்கள் அதைச் செய்து முடிப்பதற்குள் வேறொன்றுக்குப் போய்விடுவார். அதே பிடியை மறுபடி காட்டினால் அது முதலில் காட்டியது போல இருக்காது. கட்டா என்னும் வகுத்த பயிற்சி வடிவத்தை மனப்பாடம் செய்யாதே, ஓட்டத்தைப் பிடி என்பது அவர் போக்கு. தொடக்க மாணவர்களுக்கு அடிப்படைப் பாடத்தொகுப்பு ஒன்றை அவரே தந்திருந்தாலும், மேல்நிலைக்குப் போகப்போக வடிவம் கரைந்துகொண்டே வரும். டான் தகுதிகளை 15 வரை நீட்டினார். பட்டங்களைத் தாராளமாகவும் வழங்கினார். தரம் சரிந்தது என்று பழைய மாணவர்களே குறைபட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஒரே பள்ளியின் ஒரே தகுதியைப் பெற்ற இருவரில் ஒருவர் பூனை போல விழுந்து எழுவார், இன்னொருவருக்குச் சரியாக நிற்கவே வராது. ஆனால் இந்தத் தாராளம் இல்லாமல் இருந்திருந்தால், காஷிஹாராவில் ஒரு முதியவர் ஒருசிலருக்கு மட்டும் கற்பித்த கலை இத்தனை கண்டங்களுக்குப் போயிருக்காது என்பதும் உண்மை.

கவாகாமியின் கதை வேறு தடத்தில் போகிறது. 1949-இல் பிறந்த அவர், ஆறு வயதில் மசாசோ இஷிதா என்ற மருந்து விற்பவரிடம் பயிற்சி தொடங்கியதாகச் சொல்கிறார். கோகா பகுதியின் பான் குடும்பத்து மரபு அது. கவாகாமி அதன் 21-ஆம் தலைவர். மருந்து விற்பவர் என்ற விவரம் கவனிக்கத் தக்கது. கோகா இன்றும் மருந்துத் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஊர்தான். ஊர் ஊராய்ச் சந்தேகமின்றிச் சுற்றிவர மருந்துப் பெட்டியை விட நல்ல காரணம் வேறில்லை.

அவர் விவரிக்கும் பயிற்சிகளில் அடிதடி பின்னுக்குப் போய்விடுகிறது. மெழுகுவர்த்தியின் திரிச்சுடரை, அதற்குள்ளேயே தான் இருப்பதாகத் தோன்றும் வரை உற்றுப் பார்ப்பது; யோக நூல்கள் திராடகம் என்று சொல்லும் பயிற்சிக்கு இது மிக அருகில் வருகிறது. தரையில் ஊசி விழும் ஓசையைக் காதால் பிடிப்பது. பசியையும் குளிரையும் வெயிலையும் தாங்கிப் பழகுவது. வெடிமருந்தும் மூலிகையும் கலப்பது. பிழைப்புக்குப் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே இதையெல்லாம் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார். மியே பல்கலைக்கழகம் பின்னாளில் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அமர்த்தியது. மரபை வரலாற்று ஆய்வாளர்கள் முன் எடுத்து வைத்த நிஞ்ஜுட்சு ஆசிரியர்கள் வெகு குறைவு. அந்த வகையில் அவர் செய்தது துணிவான காரியம்.

இருவருக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. தொகாகுரே-ரியூ 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 34-ஆம் தலைவரான ஹட்சுமி வரை வந்ததாகப் பட்டியல் இருக்கிறது. ஜப்பானியப் போர்க்கலை மரபுகளைத் தொகுத்த ‘புகெய் ரியூஹா தைஜிதென்’ என்ற பேரகராதி அந்தப் பட்டியலைச் சந்தேகத்துடன்தான் பதிவு செய்கிறது. ஏட்டிலும் வாய்மொழியிலும் கிடைத்ததைக் கொண்டு தகமட்சு தொகுத்துக் கோத்தது என்ற கருத்து அதில் உண்டு. கவாகாமியின் பக்கமும் கெட்டியில்லை. இஷிதாவைப் பற்றி அவர் சொல்வதைத் தவிர வெளிச்சான்று என்று காட்டப் பெரிதாக ஒன்றுமில்லை. ‘கடைசி நிஞ்ஜா’ பட்டமும் புதிதன்று. கோகா மரபின் 14-ஆம் தலைவர் என்று சொல்லிக்கொண்ட செய்கோ ஃபுஜிதாவும் அதே பெயரோடு வாழ்ந்து 1966-இல் காலமானார்; அவரும் நிஞ்ஜுட்சுவில் வாரிசு வைக்கவில்லை. ஒளிவுமறைவே தொழிலாக இருந்தவர்களின் பரம்பரையை ஆவணத்தால் நிறுவுவது கடினம். அதற்காக ஆவணம் இல்லாததையே சான்றாக்கிவிடவும் கூடாது. குலப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, என்ன கற்பிக்கிறார்கள் என்று பழைய ஏடுகளோடு ஒத்துப் பார்ப்பதே நேர்மையான வழி.

அப்படிப் பார்க்க நல்ல ஏடுகள் இருக்கின்றன. 1581-இல் போர்த்தலைவர் ஓடா நொபுநாகாவின் படை இகாவை அழித்து, நாடு அமைதிக்குத் திரும்பி, ஷினோபிகளுக்கு, அதாவது நிஞ்ஜாக்களுக்கு, வேலை குறைந்துபோன காலத்தில்தான் அவை எழுதப்பட்டன. 1676-இல் தொகுக்கப்பட்ட ‘பன்சென்ஷுகாய்’ இகா, கோகா இரண்டின் அறிவையும் சேர்த்தது. 1681-இல் வந்த ‘ஷோனின்கி’ கிஷூ பகுதியைச் சேர்ந்தது. இவற்றில் கைச்சண்டைக்கு அநேகமாக இடமே இல்லை. முதலில் மனத் தூய்மை, கடமை. பிறகு வேடம் போட்டு வெளிப்படையாக நுழைவது, இருளில் மறைந்து நுழைவது. வானிலை பார்ப்பது, பூட்டைத் திறப்பது, நெருப்பு வைப்பது, காவலாளியின் தூக்கத்தைக் கணிப்பது. ஷோனின்கி சொல்லும் ஏழு வேடங்களில் துறவி, வணிகர், கூத்தாடி வருகிறார்கள்; சாதாரண ஆளாக இருப்பதும் ஒரு வேடம். பன்சென்ஷுகாயில் பசிதாங்கும் உருண்டைக்குச் செய்முறை உண்டு: ஜின்செங் வேர், பக்வீட் மாவு, கோதுமை மாவு, காட்டுவள்ளி ஆகியவற்றோடு வேறு சில சேர்த்து, சாக்கே மதுவில் மூன்று ஆண்டு ஊறவைத்து, பீச் கொட்டை அளவுக்கு உருட்ட வேண்டும். எதிரியின் கோட்டைக்குள் பதுங்கிக் கிடப்பவனுக்கு எந்தக் கராத்தே குத்தையும் விட இந்த உருண்டை உதவும். உயிரோடு திரும்பிவந்து செய்தி சொல்வதுதான் அவன் வேலை.

இந்த அளவுகோலில் கவாகாமியின் பயிற்சி ஏட்டுக்கு அருகில் நிற்கிறது, புஜின்கானின் வகுப்பு தள்ளி நிற்கிறது. இதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஏடுகள் சொல்லாத ஒன்றைப் புஜின்கான் வைத்திருக்கிறது: விழும்போது உடம்பு என்ன செய்ய வேண்டும், தாக்குபவனின் எடையை எப்படி வெறுமையில் விடுவது, கத்தி கையில் இருப்பவனிடமிருந்து எந்தக் கோணத்தில் விலகுவது. எழுத்தில் பிடிபடாத அந்த அறிவு ஆளிடமிருந்து ஆளுக்கு, தொட்டுத்தான் போக முடியும். தகமட்சு கண்டுகொண்டு வந்ததோ, தானே கட்டியதோ, அந்த அசைவுகள் தரமானவை. நல்ல ஆசிரியர் ஒருவரிடம் மணிக்கட்டைக் கொடுத்துப் பார்த்தவருக்கு இதில் வாதம் இருக்காது.

வாரிசு விஷயத்தில் இருவரும் முற்றிலும் எதிர்த்திசையில் போனார்கள். கவாகாமி சொல்லும் காரணம் எளியது. போர்க்காலத்தில் உளவும், கொலைத்திறனும், மருந்துக் கலவையும் பயன்பட்டிருக்கலாம். இப்போது துப்பாக்கியும் இணையமும் மேலான மருந்துகளும் இருக்கின்றன. பயன்பாடு போன தொழிலுக்குத் தலைவர் எதற்கு என்பது அவர் நிலை. மாணவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லித்தருகிறார், தலைமைப் பட்டத்தை மட்டும் கைமாற்றவில்லை.

ஹட்சுமியோ 2019-இன் இறுதியில் தன் மரபுகளின் தலைமையைப் பிரித்து மூத்த மாணவர்களிடம் கொடுக்கத் தொடங்கினார். கியொக்கோ-ரியூ, நெடுங்காலச் சீடர் தெட்சுஜி இஷிசுகாவுக்குப் போனது. தொகாகுரே-ரியூவைப் பெற்றவர் தகுமி சுட்சுயி. 1988-இல் ஒளிபரப்பான ‘ஜிராயா’ என்ற நிஞ்ஜா தொலைக்காட்சித் தொடரில் நாயகனாக நடித்தவர் அவர். அதில் அவருக்குத் தந்தையாகவும் ஆசானாகவும் நடித்தவர் ஹட்சுமி. சின்னத்திரையில் தந்தையும் மகனுமாய் நின்றவர்கள் 31 ஆண்டுகளுக்குப் பிறகு நிஜத்தில் ஆசானும் வாரிசுமாய் ஆனார்கள். வரலாற்றாசிரியருக்கு இது உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. பல பதிற்றாண்டுகள் வியர்வை சிந்திப் பயின்ற ஒருவர் நடிகர் என்பதால் தகுதி குறைந்துவிடாது. இருந்தும், கலை எங்கே முடிகிறது, காட்சி எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை ஹட்சுமி ஒருபோதும் அழுத்தி வரைந்ததில்லை என்பதையும் இதில் பார்க்கிறேன்.

இரண்டில் எது சரி என்று கேட்டால், உடல்கலைக்கு ஹட்சுமியின் வழி, ஷினோபியின் தொழிலுக்குக் கவாகாமியின் வழி என்பேன். எறிதலையும் பூட்டையும் யாராவது தினமும் செய்துகொண்டிருந்தால்தான் அவை இருக்கும். அவற்றுக்குத் தலைவரும் பள்ளியும் வேண்டும். உளவாளியின் அறிவோ தலைவரில்லாமலும் ஆய்வுக்கூடத்தில் தொடரலாம். மியே பல்கலைக்கழகம் 2017-இல் நிஞ்ஜா ஆய்வுக்கென ஒரு மையம் தொடங்கியது; 2020-இல் அத்துறையில் முதல் முதுகலைப் பட்டத்தை வழங்கியது. பட்டம் பெற்றவர் பழைய ஷினோபிகள் பெரும்பாலும் விவசாயிகள் என்று அறிந்து, இகாவிலேயே குடியேறி, காய்கறி பயிரிட்டுக்கொண்டே ஏடுகளைப் படித்தார்.